பழைய படகு வாங்கப் போகிறீர்களா? விலை பேசும் முன் ஒரு வார்த்தை

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கொள்முதல் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



ஆடு வாங்க, கறவை மாடு வாங்க, கருவாட்டுத் தொழில் செய்ய என்று நம் குழுக்கள் கடன் வாங்கிய காலம் போய், இப்போது நாகை, மயிலாடுதுறை கடற்கரைக் குழுக்களில் பழைய ஃபைபர் படகு வாங்கவும் கடன் கேட்கிறார்கள். புதுப் படகு, புது இன்ஜின் என்றால் நம் கைக்கு எட்டாத தொகை. அதனால் பழைய படகுதான் பலருக்கும் வழி. அதில் தப்பில்லை. நல்ல பழைய படகு பல வருஷம் சோறு போடும். ஆனால் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் குடும்பம் நிமிர்வதும் குனிவதும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

விலை பேசும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்

படகு விலை பேசுகிற இடத்தில் பெண்களைப் பார்ப்பது அரிது. "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நீ வீட்டுல இரு" என்பார்கள். கடலுக்குப் போகிறவர் ஆண்தான். ஆனால் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார்? மாதா மாதம் குழுவில் தவணை கட்டுகிறவர் யார்? தவணை தவறினால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிறவர் யார்? நாம்தானே. அப்படியானால் விலை பேசும் இடத்திலும் நமக்கு ஒரு இடம் வேண்டும்.

"எங்களுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்?" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நாம் விலை பேசத் தெரியாதவர்களா? விடியற்காலை நாலு மணிக்கு ஏலத்தில் நிற்கிறோம். கூடையைக் கொட்டியதுமே சங்கரா எத்தனை கிலோ தேறும், அடியில் எத்தனை நசுங்கியது இருக்கும், வீதியில் கூறு என்ன விலைக்குப் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அந்தக் கணக்குக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வாயை மூடிக்கொள்கிறோம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாம் மீன் வாங்குவதில்லை. படகுக்கும் அதே கண், அதே கணக்கு, அதே பொறுமைதான் வேண்டும். எந்த இடத்தில் செவுள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் கொள்முதல் குழுவில் நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். கடன் கேட்கும் உறுப்பினர், அவருடைய வீட்டுக்காரர், எங்களில் இரண்டு பேர், ஃபைபர் வேலையும் இன்ஜின் வேலையும் தெரிந்த ஆள், இவர்கள் சேர்ந்துதான் படகைப் பார்க்கப் போவோம். கடல் அனுபவம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆனால் போகும் முன்பே அவரிடம் ஒன்று சொல்லி வைப்போம்: "அண்ணே, படகு பிடிச்சிருந்தாலும் அங்க வச்சு புகழாதீங்க. தொகையையும் வாய்விட்டுச் சொல்லாதீங்க."

வேலை தெரிந்த ஆளுக்குக் கூலி நாம்தான் கொடுக்க வேண்டும். விற்பவர் கூட்டி வரும் மெக்கானிக் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல், விற்பவர் சொல்தான்.

கடன் தொகையை ஊருக்குச் சொல்லாதீர்கள்

பேரம் படகுக்குப் பக்கத்தில் தொடங்குவதில்லை. குழுக் கூட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. "இன்னாருக்கு ரெண்டு லட்சம் கடன் வருதாம்" என்று கடற்கரையில் செய்தி பரவிவிட்டால், ஒன்றரை லட்சம் பெறும் படகுக்கும் ரெண்டு லட்சம்தான் விலை. கடன் எந்த உயரமோ, விலை அந்த உயரம் ஏறி நிற்கும்.

ஆகவே முதலில் படகைப் பாருங்கள், பிறகு விலையைப் பேசுங்கள், அதன் பிறகு கடன் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். குழுவில் தீர்மானம் எழுதும்போதும் எழுதி முடித்த பிறகும் தொகை கூட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. இதை ஒரு கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு கொண்டுவரும் மீனுக்குக் கிராக்கி. அதனால் பங்குனி, சித்திரையில் படகு தேடினால் விற்பவர் கைதான் ஓங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது படகு வாங்க வருகிறவர் குறைவு. அப்போது பேச்சைத் தொடங்கி, கடல் அடங்கியதும் ஓட்டிப் பார்த்து முடிப்பது நமக்கு நல்லது. ஓட்டிப் பார்க்காமல் எந்தக் காலத்திலும் முடிக்காதீர்கள்.

படகுக்குச் செவுள் எங்கே?

புதுப் பெயிண்ட் அடித்த படகு என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பெயிண்ட் அழகுக்கும் அடிப்பார்கள், விரிசலை மறைக்கவும் அடிப்பார்கள். கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. தட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும். 'பொத்' என்று கேட்டால் உள்ளே அடுக்கு விட்டுப் போயிருக்கலாம். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். எத்தனை வட்டம் என்பது பிறகு பேச்சில் உதவும்.

2. சரித்துப் பாருங்கள். படகைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மணலில் இழுத்து இழுத்து ஏரா என்கிற அடிமரப் பகுதிதான் முதலில் தேயும். இழை வெளியே தெரிகிறதா, கொப்புளம் இருக்கிறதா, பழைய ஒட்டு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை போன்ற மேல் விரிசல் பெரிய குற்றமில்லை. நகம் உள்ளே போகிற விரிசல்தான் ஆபத்து.

3. எத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஃபைபர் படகு மிதப்பதற்காக உள்ளறைகளில் தெர்மோகோல், ஃபோம் அடைத்திருப்பார்கள். விரிசல் வழியாக அங்கே தண்ணீர் இறங்கிவிட்டால் படகு கனத்துப்போகும். பக்கத்தில் நிற்கும் அதே அளவுப் படகை எட்டுப் பேர் தள்ளும்போது இதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கனத்த படகு டீசலையும் குடிக்கும், வேகமும் குறையும்.

4. இன்ஜின் உட்காரும் இடத்துக் கட்டையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் கட்டை உளுத்துவிட்டது.

5. இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளப்பச் சொல்லுங்கள். நாம் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய இன்ஜின் கிளம்ப மறுக்கிறது என்று அர்த்தம் இருக்கலாம். ஆறட்டும் என்று காத்திருங்கள். ஆயிலை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. கரும்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை.

6. கடலில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். ஆள் ஏறி, பாரமும் ஏற்றி ஓட்ட வேண்டும். திரும்பி வந்ததும் படகுக்குள் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.

7. வயதைக் கேளுங்கள். "அஞ்சு வருஷப் படகுதான்" என்ற வாய்ச் சொல்லை ஏற்காமல் பதிவுச் சான்றில் பாருங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் நம் கரைக்கு வந்தன. அவசரத்தில் கட்டியதால் தரம் குறைந்தவையும் அவற்றில் இருந்தன. அந்தக் காலத்துப் படகு இன்னும் ஓடுகிறது என்றால் அதற்கு இருபது வயது ஆகிறது. பெயிண்ட் அதைச் சொல்லாது.

பார்த்ததை எல்லாம் அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, சரி செய்ய என்ன செலவு ஆகும் என்று வேலை தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். பேரத்தில் நம் கையில் இருக்கும் ஆயுதம் இந்தத் தாள்தான்.

நியாய விலை என்றால் என்ன?

விற்பவர் சொல்வதில் பாதி கேட்பது பேரம் என்று நினைக்கிறோம். துணிக்கடையில் அது நடக்கலாம். படகு விஷயத்தில் பாதியாகக் கேட்டால், "இவங்களுக்கு ஒண்ணும் தெரியலை" என்றுதான் நினைப்பார்கள். பேச்சும் கசந்துவிடும்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது. நல்ல நிலையில் உள்ள அதே அளவு, அதே வயதுப் படகு பக்கத்து ஊர்களில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரிக்க வேண்டும். சொன்ன விலையை விட்டுவிட்டு முடிந்த விலையைக் கேளுங்கள். அதிலிருந்து நம் தாளில் உள்ள பழுதுச் செலவைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் நியாய விலை. அதாவது, நாம் கொடுக்கும் விலையும் பழுது பார்க்கும் செலவும் சேர்ந்து ஒரு நல்ல படகின் விலையைத் தாண்டக் கூடாது.

ஒரு உண்மைக் கணக்கைப் பாருங்கள். நம் உறுப்பினர் ஒருவருக்காக நாங்கள் பேசிய படகு இது. விற்பவர் வயதான அண்ணன். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் தொழிலை விடுகிறார். படகு, இன்ஜின், இரண்டு செட் வலை எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் என்றார்.

மொத்தமாகச் சொல்லும் விலையை மொத்தமாகப் பேசாதீர்கள். பிரித்துக் கேளுங்கள். "வலைக்கு எவ்வளவு அண்ணே போட்டிருக்கீங்க?" என்றோம். 35,000 என்றார். நம் உறுப்பினர் வீட்டில் வலை இருக்கிறது, இந்த வலை தேவையில்லை. ஆக, படகுக்கும் இன்ஜினுக்கும் அவர் கேட்டது 2,05,000.

பக்கத்து ஊர்களில் அதே மாதிரிப் படகுகள் மூன்று கைமாறியிருந்தன. 1,85,000-க்கும் 2,00,000-க்கும் இடையில் முடிந்திருந்தது. நடுவாக 1,90,000 என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் தாளில் இருந்த பழுது: ஃபைபர் ஒட்டு வேலை 14,000, இன்ஜின் பிரித்து வேலை 16,000, இன்ஜின் கட்டை மாற்ற 3,000. மொத்தம் 33,000. கழித்தால் 1,57,000.

போகும் முன்பே மூன்று எண்களை எழுதி வைத்தோம். தொடங்கும் விலை 1,50,000. நியாய விலை 1,57,000. இதற்கு மேல் போனால் எழுந்து வந்துவிட வேண்டிய விலை 1,62,000. மூன்றாவது எண் ரொம்ப முக்கியம். அது இல்லாமல் பேரத்தில் உட்கார்ந்தால், "இன்னும் ரெண்டாயிரம்தானே, இன்னும் ரெண்டாயிரம்தானே" என்று ஏறிக்கொண்டே போவோம்.

பேச்சு இப்படி நடந்தது

முதலில் படகைப் பற்றி நல்லதைச் சொன்னோம். "அண்ணே, வருஷா வருஷம் பாத்துப் பாத்து வச்சிருக்கீங்க. அணியம் கல்லு மாதிரி இருக்கு" என்றோம். அது உண்மைதான். அந்தப் படகு அவருக்குச் சோறு போட்டது, பிள்ளையைப் படிக்க வைத்தது. அதைக் குப்பை என்று சொன்னால் யாருக்கும் மனசு கசக்கும். கசந்த மனசு விலையை இறக்காது.

பிறகு தாளை எடுத்து வைத்தோம். "நீங்களே பாருங்கண்ணே. சுண்ணாம்பு வட்டம் போட்ட இடத்தைத் தட்டிப் பாருங்க. இது எங்க குத்தமும் இல்ல, உங்க குத்தமும் இல்ல. கடல் தேய்ச்சது. ஆனா செலவு எங்க தலையில விழும்."

"இன்ஜின் போட்டு ரெண்டு வருஷம்தாம்மா ஆவுது" என்றார்.

"பில்லு இருக்கா அண்ணே?"

பில் இல்லை. நாங்கள் அதைக் குத்திக்காட்டவில்லை. "பில்லு இருந்தா நாங்களும் அப்படியே எடுத்துக்குவோம். இல்லாததால ஓட்டிப் பாத்ததை வச்சுத்தான் விலை சொல்ல முடியும்" என்றோம்.

1,50,000 என்று சொன்னதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நாங்கள் கூப்பிடவும் இல்லை, விலையை ஏற்றவும் இல்லை. "நாலு நாள் யோசிங்கண்ணே. நாங்களும் யோசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். நாம் விலை சொன்ன பிறகு பேசாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் நம் விலைக்கு எதிராக நாமே பேசி நாமே ஏற்றிக்கொள்வதுதான் பேரத்தில் அதிகம் நடக்கிறது.

மூன்றாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். 1,75,000 என்றார். நாங்கள் 1,55,000 என்றோம். அவர் 1,68,000 என்றார். அப்போது பணத்தை விட்டு வேறு விஷயங்களைப் பேசினோம். "உங்களுக்கு வேற என்ன வசதி வேணும் அண்ணே?" என்று கேட்டோம். தவணை வேண்டாம், ஒரே தடவையாகப் பணம் வேண்டும் என்றார். வலையை வாங்க ஆள் பார்த்துக் கொடுக்கவும் கேட்டார். இரண்டும் நம்மால் முடிந்தவை. பதிலுக்கு நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, துடுப்பு எல்லாம் படகோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னோம். 1,60,000-க்கு முடிந்தது.

"45,000 ரூபாய் குறைத்துவிட்டோம்" என்று பெருமை பேசாதீர்கள். அதில் 33,000 பழுது பார்க்கப் போகிற பணம். உண்மையில் பேரத்தில் குறைந்தது 12,000-தான். விலை 1,60,000, பழுது 33,000, மொத்தம் 1,93,000. பக்கத்து ஊரில் நல்ல படகு போகும் விலைதான். விற்பவரும் ஏமாறவில்லை, நாமும் ஏமாறவில்லை.

ஆனால் தட்டிப் பார்க்காமல், பிரித்துக் கேட்காமல் 2,05,000 கொடுத்து வாங்கியிருந்தால்? பழுதும் சேர்ந்து 2,38,000 ஆகியிருக்கும். வித்தியாசம் 45,000. அன்னக்கூடை சுமந்து ஒரு நாளைக்கு 200 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 225 நாள் தலைச்சுமை. வட்டியைச் சேர்க்காமலே இவ்வளவு. இதனால்தான் படகு விலை பெண்கள் சமாச்சாரமும்தான் என்கிறோம்.

படகின் மேல் யாருடைய கடன் இருக்கிறது?

இது தட்டிப் பார்த்தாலும் தெரியாத விரிசல். பல படகுகள் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். அந்தப் பணம் தீரும்வரை பிடிக்கிற மீனை அவருக்கே போட வேண்டும், அவர் போடும் விலைக்கே போட வேண்டும், கழிவும் போகும். விசாரிக்காமல் வாங்கினால் முதல் நாள் கரை வந்ததுமே அந்த வியாபாரி கூடையோடு நிற்பார். "படகு மேல என் பணம் நிக்குது" என்பார். நாம் படகை வாங்கினோமா, அடிமைத்தனத்தை வாங்கினோமா?

இந்தப் படகிலும் 40,000 முன்பணம் நின்றது. விற்பவர் மறைக்கவில்லை, ஆனால் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். பணம் கொடுக்கும் நாளில் வியாபாரியையும் ஊர்ப் பஞ்சாயத்தார் இருவரையும் அழைத்தோம். 1,60,000-இல் 40,000-ஐ நேராக வியாபாரி கையில் கொடுத்து, "இந்தப் படகின் மேல் எனக்குப் பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கினோம். மீதி 1,20,000 விற்பவருக்கு. நம் உறுப்பினர் இப்போது பிடிக்கிற மீனை ஏலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் போடுகிறார். சகோதரிகளே, விலையில் குறைத்த பன்னிரண்டாயிரத்தைவிட இந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

வங்கிக் கடன் நிற்கிறதா, இன்ஜின் மானியத்தில் வாங்கியதா, அப்படியானால் விற்கத் தடை ஏதும் உண்டா, அண்ணன் தம்பி பங்கு இருக்கிறதா என்பதையும் இதே மாதிரி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படகை இரண்டு பேர் சேர்ந்து வைத்திருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாள் இல்லாத படகு பாதிப் படகு

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி மீன்பிடிக்க உரிமம் வேண்டும். பதிவும் உரிமமும் சரியாக இருந்தால்தான் வரிவிலக்கு டீசல் கிடைக்கும். மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த அந்த அளவை 4,400 லிட்டராக உயர்த்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது. பதிவு இல்லாத படகு வாங்கினால் இந்தச் சலுகை நம் கைக்கு வராது. "பதிவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அதனாலதான் விலை கம்மி" என்று சொன்னால், அந்தக் குறைந்த விலை நமக்கு லாபம் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

படகில் எழுதியுள்ள எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா, இன்ஜினில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். பெயர் மாற்றம் அங்கேதான் செய்ய வேண்டும். யார் பெயரில் மாற்றுவது என்பதையும் வீட்டில் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கடன் நம் பெயரில், படகு வேறொருவர் பெயரில் என்றால் நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது நம் கையில் தவணைப் புத்தகம் மட்டும்தான் இருக்கும்.

பெயர் மாற்றச் செலவுக்கு யோசிக்காதீர்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா?

விலை முடிந்ததும் கொஞ்சம் முன்பணம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீதியைப் பெயர் மாற்றத் தாளில் விற்பவர் கையெழுத்துப் போடும்போது கொடுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: இருவர் பெயரும் முகவரியும், படகின் பதிவு எண், இன்ஜின் எண், முடிந்த விலை, கொடுத்த முன்பணம், மீதி கொடுக்கும் நாள், படகோடு சேர்த்துக் கொடுக்கும் பொருட்களின் பட்டியல், படகின் மேல் வேறு கடன் இல்லை என்ற உறுதி, இரண்டு சாட்சிகள். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

தரகர் இருந்தால் அவருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. நம் குழுப் பணத்தில் அந்த வேலை கூடாது. என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி வெளிச்சத்தில் நடக்க வேண்டும்.

விற்பவரும் நம்மவர்தான்

கடைசியாக ஒன்று. படகு விற்கிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கஷ்டத்தில்தான் விற்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம், கடலுக்குப் போக முடியாத உடம்பு. "நாளைக்குள் பணம் வேண்டும்" என்று அவர் தவிக்கிறார் என்று தெரிந்ததும் விலையை இன்னும் அடித்துக் கேட்கச் சொல்பவர்கள் உண்டு. அதை நாங்கள் செய்வதில்லை. ஏலத்தில் நம் கையில் காசில்லை என்று தெரிந்து வியாபாரி நம்மிடம் அப்படி நடந்துகொண்டபோது நமக்கு எப்படி இருந்தது? கந்துவட்டிக்காரர் நம் அவசரத்தைப் பார்த்து வட்டி ஏற்றியபோது எப்படி இருந்தது? அந்தக் கொடுமையிலிருந்து வெளியே வரத்தானே குழுவே தொடங்கினோம்.

அதே சமயம், பாவம் என்று நியாய விலைக்கு மேல் கொடுப்பதும் சரியில்லை. அது நம் பணம் அல்ல, பதினைந்து பேருடைய சேமிப்பு. இரக்கம் இருந்தால் பணத்தைச் சீக்கிரம் கொடுங்கள், அலுவலகத்துக்குக் கூடப் போய் வாருங்கள், வலைக்கு ஆள் பார்த்துக் கொடுங்கள். விலையை மட்டும் கணக்கு சொல்லட்டும்.

பிடித்த படகு கைநழுவிப் போனாலும் வருத்தப்படாதீர்கள். இன்னொரு படகு வரும். எழுதி வைத்த மூன்றாவது எண்ணைத் தாண்டி வாங்கிய படகு கரையில் நின்றாலும் கடலில் ஓடினாலும் தவணை நாளில் நம் நெஞ்சில்தான் பாரமாக இருக்கும்.

படகுக் கடன் கேட்கும் உறுப்பினர்கள் விலை பேசும் முன்பே தங்கள் ஊக்குநர் மூலமாகக் கொள்முதல் குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள். முன்பணம் கொடுத்த பிறகு வந்தால் எங்களால் பெரிதாக உதவ முடியாது. மேலே சொன்ன ஏழு சோதனைகளையும் ஒப்பந்த விவரங்களையும் ஒரு தாளில் எழுதித் தீர்மானப் புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்தில், உங்கள் ஊரில் இந்த ஆண்டு கைமாறிய படகுகள் என்ன விலைக்கு முடிந்தன என்று குழுவுக்கு ஒருவராவது விசாரித்து வந்து சொல்லுங்கள். எல்லா ஊர் விலையும் ஒரு நோட்டில் சேர்ந்தால், அடுத்து படகு வாங்கப் போகும் சகோதரி வெறுங்கையோடு போக மாட்டார்.